துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு யாரிடம் போவது, எதை எடுத்து வைப்பது?

டெக்சாஸ் மாநிலம் ஆலன் நகரின் வணிக வளாகத்தில் 2023 மே 6 அன்று ஒருவன் சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் இந்தியாவிலிருந்து வேலைக்குப் போன இளம் பொறியாளர். பிளேனோ, ஃப்ரிஸ்கோ, ஆலன் என்று நம்மவர்கள் நெருக்கமாக வாழும் வட்டாரம் அது. 'தப்பித்து வந்தவர்கள் அடுத்து என்ன செய்வது?' என்று கேட்டு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

என் கணவர் கடைக்குப் போயிருந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. காயம் இல்லை. பையையும் காரையும் விட்டுவிட்டு ஓடி வந்தார். இவரும் 'பாதிக்கப்பட்டவர்' கணக்கில் வருவாரா?
– வாசகி, டெக்சாஸ்

வருவார். அங்கே இருந்ததே பாதிப்புதான். 2016இல் ஆர்லாண்டோவின் 'பல்ஸ்' இரவு விடுதியில் 49 பேர் கொல்லப்பட்ட பிறகு திரண்ட பொதுநிதியில், இறந்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 3.5 லட்சம் டாலர் கிடைத்தது. உள்ளே இருந்து உடலில் காயமில்லாமல் தப்பியவர்களுக்கும் தலா 25,000 டாலர் கொடுத்தார்கள். ஆனால் அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். அதனால் அன்றைய கார்டு கணக்கு, பார்க்கிங் சீட்டு, செல்போனில் எடுத்த படம், அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்க விடாதீர்கள். பார்க்கவே பிடிக்காமல் பலர் முதல் வாரத்திலேயே அழித்துவிடுகிறார்கள். பார்க்க முடியாவிட்டால் நீங்கள் வாங்கி வேறிடத்தில் சேமித்துக் கொடுங்கள்.

இப்படிப்பட்ட சம்பவம் நடந்ததும் அரங்கம், பள்ளி, தேவாலயம் போன்ற ஓரிடத்தில் குடும்ப உதவி மையம் திறப்பார்கள். எஃப்.பி.ஐ.யின் பாதிக்கப்பட்டோர் பிரிவு, மாநில இழப்பீட்டு அலுவலகம், செஞ்சிலுவைச் சங்கம், மனநல ஆலோசகர்கள் என்று எல்லாரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்கள். அது சில நாட்களே இயங்கும். இப்போதைக்கு எதுவும் தேவையில்லை என்று தோன்றினாலும் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். பின்னாளில் வரும் பல உதவிகள் அந்தப் பட்டியலை வைத்து ஆளைத் தேடும். லாஸ் வேகஸில் 2017 அக்டோபர் 1 இசை விழாத் தாக்குதலுக்குப் பிறகு மாநாட்டு மையத்தில் இப்படித் திறந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி 'வேகஸ் ஸ்ட்ராங் ரெசிலியன்சி சென்டர்' என்ற நிரந்தர மையமாக மாற்றினார்கள். ஆண்டுகள் கழித்தும் அங்கே புதிதாக ஆட்கள் உதவி கேட்டு வந்தார்கள்.

விட்டு வந்த பை இப்போது தடயப் பொருள், உடனே கிடைக்காது. நிறம், பிராண்டு, உள்ளே இருந்தவை, போனின் வரிசை எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். வாக்குமூலம் கொடுக்கும்போது வழக்கு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டு மனுவில் அந்த எண்ணைக் கேட்பார்கள்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு மாநில அரசு தரும் இழப்பீட்டுக்கான மனுவைக் குற்றம் நடந்த மாநிலத்தில் போட வேண்டும். நீங்கள் எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள் என்பது கணக்கில்லை. டெக்சாஸில் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் இதைப் பார்க்கிறது. மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், பொதுவான உச்சவரம்பு 50,000 டாலர். கலிஃபோர்னியாவில் ஏழு ஆண்டு, 70,000 டாலர். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மருத்துவச் செலவு, மனநல ஆலோசனை, ஈமச்செலவு, இழந்த சம்பளம் ஆகியவை இதில் அடங்கும். உடைந்த கார் கண்ணாடியும் தொலைந்த போனும் அடங்காது. அவற்றுக்கு உங்கள் சொந்தக் காப்பீட்டைக் கேளுங்கள். சுடப்பட்டது வேலை செய்யும் இடத்தில் என்றால் தொழிலாளர் இழப்பீடுதான் முதலில்.

காப்பீடு கொடுத்தது போக மிச்சத்தைத்தான் மாநிலம் தரும். ஆகவே மருத்துவமனையில் மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லை வாங்கி வராதீர்கள். ஒவ்வொரு சிகிச்சையும் தனித்தனி வரியாக வரும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் விளக்கக் கடிதத்தையும் அதோடு சேருங்கள். முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். மனு எண்ணை மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் கொடுத்து, கடன் வசூல் நிறுவனத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.

இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, கதவு சாத்தினாலே துள்ளி எழுகிறார். நடந்ததைப் பேச வைத்தால் பாரம் குறையுமா?
– அதே வாசகி

வற்புறுத்திப் பேச வைக்காதீர்கள். சம்பவம் நடந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து ஒரே அமர்வில் முழுக்கச் சொல்லவைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அது பின்னால் வரும் மன பாதிப்பைத் தடுப்பதில்லை என்று தெரிந்ததும் உலக சுகாதார நிறுவனம் உட்படப் பலரும் அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். நேரத்துக்குச் சாப்பாடு, கொஞ்ச நடை, தொலைக்காட்சியில் அந்தக் காட்சி திரும்ப ஓடாமல் பார்த்துக்கொள்வது: முதல் வாரங்களில் இவைதான் மருந்து. மதுவும், வீட்டில் கிடக்கும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம்.

முதல் மாதத்தில் இந்த அறிகுறிகள் பெரும்பாலோருக்கு வந்து தாமாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, அந்த இடத்தைத் தவிர்ப்பது, எரிச்சல் எல்லாம் நீடித்தால்தான் 'பி.டி.எஸ்.டி.' (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்று கணிப்பார்கள். ஆனால் வேலைக்குப் போக முடியவில்லை என்றாலோ, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்; அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988ஐ அழையுங்கள். ஆலோசகரிடம் 'அதிர்ச்சிக்கான சிகிச்சையில் பயிற்சி உண்டா?' என்று நேரடியாகக் கேளுங்கள். நடந்ததைப் பற்றிய எண்ணங்களைச் சீர்படுத்தும் சி.பி.டி. (CPT) என்ற முறை சுமார் 12 அமர்வு; பயந்து தவிர்ப்பதைப் படிப்படியாக எதிர்கொள்ளவைக்கும் பி.இ. (PE) என்பது 8 முதல் 15 வரை. இரண்டுமே நன்கு சோதித்துப் பார்த்தவை.

ஜூலை 4 (அமெரிக்கச் சுதந்திர தினம்), தீபாவளி, முதலாண்டு நினைவு நாள் ஆகியவற்றை இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஆறியதுபோல இருந்தது பட்டாசுச் சத்தத்தில் திரும்ப வரலாம். அன்றைக்கு எங்கே இருக்கலாம் என்று முன்கூட்டியே பேசி வைப்பது பெரிய உதவி.

எங்கள் தமிழ்ச் சங்கம் நிதி திரட்ட விரும்புகிறது. பொம்மை, போர்வையும் சேகரிக்கலாமா?
– சங்கச் செயலாளர், கலிஃபோர்னியா

பொருள் வேண்டாம். 2012இல் சாண்டி ஹூக் பள்ளித் தாக்குதலுக்குப் பிறகு நியூடவுன் என்ற அந்தச் சிறிய ஊருக்குப் பல்லாயிரம் கரடி பொம்மைகள் வந்து குவிந்தன. துக்க வீடுகளோடு சேர்ந்து அழ வேண்டியவர்கள் கிடங்கு தேடி அலைந்தார்கள். பணம் அனுப்புவதிலும் கவனம் தேவை. அந்த ஊரிலேயே திரட்டியதில் எவ்வளவு குடும்பங்களுக்கு, எவ்வளவு ஊர்ப்பணிக்கு என்று முதலில் சொல்லாததால் துக்கத்தில் இருந்தவர்களிடையே மனக்கசப்பு வளர்ந்தது. 2014இல் 'நேஷனல் கம்பாஷன் ஃபண்ட்' உருவானதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். கொடுத்த பணம் முழுவதும் பாதிக்கப்பட்டவர்கள் கைக்குப் போவது அதன் விதி. யாருக்கு எவ்வளவு என்ற வரைவைப் பொதுக்கூட்டத்தில் வைத்துக் கருத்துக் கேட்ட பிறகே பங்கிடுவார்கள். அப்படியொரு பொதுநிதி இருந்தால் அதில் சேருங்கள்.

குறிப்பிட்ட ஒரு குடும்பத்துக்கு என்றால் 'கோஃபண்ட்மீ' என்ற இணைய நிதி திரட்டும் தளம் சரி. பணம் நேராக அந்தக் குடும்பத்தின் கணக்குக்குப் போகும்படி முதல் நாளே அமைத்துவிடுங்கள். 2.9 சதவீதமும் 30 சென்ட்டும் கட்டணமாகப் போகும். கொடுப்பவருக்கு வரிவிலக்கு கிடைக்காது. இரத்த தானத்துக்கு அன்றே வரிசையில் நிற்க வேண்டாம். அன்று உயிர் காப்பது ஏற்கனவே பரிசோதித்து அலமாரியில் இருக்கும் இரத்தம்தான். இரண்டு மாதம் கழித்துக் கொடுங்கள்.

சங்கத்தால் மட்டும் முடிகிற வேலை ஒன்று உண்டு. படிவம் நிரப்ப, மருத்துவமனைக்கு அழைத்துப் போக, நம் சமையல் செய்து தர ஆட்களை மாதவாரியாகப் பட்டியலிடுங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும், நான்காம் மாதம் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் எச்-4 விசாவில் இருக்கிறேன். இழப்பீடு வாங்கினால் கிரீன் கார்டு பாதிக்குமா? ஆங்கிலமும் சரளமாக வராது.
– வாசகி, நியூ ஜெர்சி

குற்ற இழப்பீடு, அரசுக்குச் சுமையாகும் உதவி என்ற கணக்கில் வராது. வாங்கலாம். எச்-4 கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது என்பதால், கணவர் கொல்லப்பட்டிருந்தால் விசா நிலையே கேள்விக்குறியாகும். அப்போது முதல் வாரத்திலேயே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்து, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான 'யு விசா'வுக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள். புலனாய்வுக்கு உதவியதாகக் காவல்துறை கையெழுத்திட்ட சான்று அதற்கு வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் விசாதான் என்பதால் காத்திருப்பு நீளம்.

பேரிடர் மன அழுத்த உதவி எண் 1-800-985-5990. எடுத்ததும் 'தமிழ் இன்டர்பிரட்டர் ப்ளீஸ்' என்று மட்டும் சொல்லிவிட்டு இணைப்பில் காத்திருங்கள். மருத்துவமனையிலும் இலவச மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. பள்ளிக்குப் போகும் மகளை மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள். அப்பாவின் காயத்தை அவள் வாயால் சொல்ல வைக்கக் கூடாது.

மகன் அங்கே தப்பிவிட்டான். நாங்கள் இங்கே பயத்தில் ஒரு மணிக்கொரு முறை அழைக்கிறோம்.
– பெற்றோர், மதுரை

பயம் இயல்புதான். ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் அவர் அந்த நாளுக்குத் திரும்பிப் போகிறார். தினமும் ஒரே நேரத்தில், அவருக்குத் தோதான ஒரு அழைப்பு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் 'சாப்பிட்டாயா?' என்று ஒரு குறுஞ்செய்தி போதும். 'திரும்பி வந்துவிடு' என்ற பேச்சைச் சில மாதம் ஒத்திப்போடுங்கள். உங்களுக்கே தூக்கம் போய்விட்டால் இந்திய அரசின் மனநல உதவி எண் 14416, 'டெலி மானஸ்'. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.