டார்க்நெட் சந்தைகளை ஆராய்வதுதான் என் வேலை, கேளுங்கள்

டார்க்நெட் சந்தைகளையும் அங்கே கூடிப் பேசுகிறவர்களையும் பற்றி எட்டு வருடமாக ஆராய்ச்சி செய்கிறேன். டார்க்நெட் என்றால் சாதாரண பிரவுசரில் திறக்காத, ஆளை அடையாளம் காட்டாத இணையப் பகுதி; அந்தச் சந்தைகளில் பெரும்பாலும் விற்பது போதைப்பொருள். அங்கே நான் எதையும் வாங்கியதும் இல்லை, விற்றதும் இல்லை. லிங்க் கொடுங்கள், உள்ளே எப்படிப் போவது என்ற கேள்விகளுக்கு மட்டும் பதில் கிடையாது. மற்றபடி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

தேன்சிட்டு: அக்கா, ஒளிந்து நடக்கிற வியாபாரத்தை வெளியே உட்கார்ந்து எப்படி அளக்கிறீர்கள்? யாராவது கணக்கு நோட்டைக் காட்டுவார்களா என்ன?

காட்டித்தான் ஆக வேண்டும், அதுதான் வேடிக்கை. முகமே தெரியாத ஆளிடம் பணம் கட்டுகிறவர் முன்னால் வாங்கினவர் என்ன சொன்னார் என்று பார்க்காமல் கட்டமாட்டார். அதனால் ரிவ்யூக்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி இருக்கும். 2011 முதல் 2013 அக்டோபர் வரை நடந்த சில்க் ரோடு என்ற சந்தையில் வாங்கியவர் ரிவ்யூ போடுவது கட்டாயமாகவே இருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நிக்கோலா கிறிஸ்டின் 2012இல் பல மாதங்கள் அந்தப் பக்கங்களை இறக்கி, ரிவ்யூக்களை எண்ணி, விலையோடு பெருக்கி, மாத விற்பனை ஏறத்தாழ 12 லட்சம் டாலர் என்று கணக்குச் சொன்னார். பிறகு அவரும் கைல் சோஸ்காவும் 16 சந்தைகளை இரண்டு வருடத்துக்கு மேல் கவனித்து 2015இல் எழுதிய கட்டுரையில், எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 3 முதல் 5 லட்சம் டாலர் என்று வந்தது. சில்க் ரோடு விழுந்த பிறகும் வியாபாரம் படுத்துவிடவில்லை என்பது அதில்தான் தெளிவாகத் தெரிந்தது.

கணக்குப்பிள்ளை: ரிவ்யூ பொய்யாக இருந்தால்? மொத்தக் கணக்கும் அவுட் இல்லையா?

பொய் ரிவ்யூ ஒரு தலைவலிதான், ஆனால் என்னைப் படுத்தியது வேறொன்று. முதல் வருடம் என் அட்டவணையில் ஒரு விற்பனையாளர் ஒரே வாரத்தில் கோடீஸ்வரர் ஆகிவிட்டார். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது, அவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது! விற்பனைப் பக்கத்தை எடுத்துவிட்டால் சேர்த்து வைத்த ரிவ்யூக்களும் போய்விடும், அதனால் பக்கத்தை அப்படியே வைத்துவிட்டு விலையை மட்டும் யாரும் தொட முடியாத உயரத்துக்கு ஏற்றி வைப்பது அங்கே பழக்கம். 80 டாலர் பொருளுக்கு 90,000 போட்டிருந்தார், நான் பழைய ரிவ்யூக்களையெல்லாம் அந்த 90,000ஆல் பெருக்கிக்கொண்டிருந்தேன். இதை வடிகட்டாத கணக்கு எதையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, க்ராலர், அதாவது பக்கங்களைத் தானாகவே இறக்குகிற நிரல், பாதியில் நின்றுபோவது. கேப்சா வரும், லாக் அவுட் ஆகும், சர்வர் படுத்துவிடும், கையில் கிடைத்தது சந்தையில் பாதி மட்டும் என்பது நமக்கே தெரியாது. சில்க் ரோடு மூடிய பிறகு அதே பெயரில் வந்த சில்க் ரோடு 2 பற்றி 2015இல் வெளியான ஒரு கட்டுரை அங்கே பொருட்கள் மிகக் குறைவு என்றது. மறு வருடமே முன்க்ஸ்கார்ட், டெமான்ட், பிரான்வென் மூவரும் வேறு தரவை வைத்துப் பார்த்து, இது முழுமையாக இறக்காத பக்கங்களால் வந்த வினை என்று காட்டினார்கள். எங்கள் துறையில் யார் என்ன எண் சொன்னாலும், தரவை எப்படி எடுத்தீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.

நிலாமுற்றம்: மேடம், நான் எம்.ஏ. சமூகவியல். ப்ராஜெக்ட்டுக்காக நானே சந்தைப் பக்கங்களை ஸ்கிரேப் செய்து இறக்கலாமா?

வேண்டாம்மா. ஆறு மாதத்தில் முடிகிற வேலை இல்லை, கல்லூரி எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாமல் தொடவே கூடாது. 2013 முதல் 2015 வரை குவெர்ன் பிரான்வென் சேமித்து வைத்த சந்தைப் பக்கங்களின் பெரிய தொகுப்பு பொதுவில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் சைபர்கிரைம் மையம் இணையக் குற்றங்கள் சார்ந்த ஃபோரம் தரவுகளை ஒப்பந்தம் போட்டு ஆராய்ச்சியாளர்களுக்குத் தருகிறது. கைடிடம் பேசி இதில் ஒன்றைப் பிடியுங்கள். பழைய தரவு என்று கூச்சப்பட வேண்டாம், அதில் இன்னும் யாரும் கேட்காத கேள்விகள் எவ்வளவோ கிடக்கின்றன.

ஒருவழிப்பாதை: மனசில் உறுத்துகிற கேள்வி. அவர்கள் அனுமதி இல்லாமல் அவர்கள் பேச்சைப் படிக்கிறீர்கள். இது ஒட்டுக்கேட்பது இல்லையா?

உறுத்தட்டும், எனக்கும் உறுத்துகிறது. யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கிப் படிக்கக்கூடிய இடம் என்பதால் பொதுவெளி என்று ஒரு வாதம். பேசுகிறவர்கள் தங்களுக்குள் பேசுவதாகத்தான் நினைக்கிறார்கள் என்பது எதிர்வாதம். ஆய்வாளர் ஜேம்ஸ் மார்ட்டினும் கிறிஸ்டினும் இதைப் பற்றியே 2016இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நான் வைத்துக்கொண்ட வழக்கம் இது: யாருடைய வரியையும் அப்படியே மேற்கோள் காட்டமாட்டேன், தேடினால் ஆள் சிக்கிவிடுவார். புனைபெயரைக்கூட மாற்றிவிடுவேன், ஏனென்றால் அங்கே அந்தப் பெயர்தான் ஒருவர் வருடக்கணக்கில் சேர்த்த சொத்து.

ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்த மோசமான விஷயமும் உண்டு. 2014இல் டோரில், அதாவது டார்க்நெட்டுக்குப் போக உதவும், ஆளின் அடையாளத்தை மறைக்கிற வலையமைப்பில், சில கணினிகளைச் சேர்த்து, பயனர்களின் இணைய முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு முயற்சி நடந்தது. அதைச் செய்தது கார்னகி மெலனின் மென்பொருள் பொறியியல் நிறுவனம் என்பது 2016இல் ஒரு நீதிமன்ற உத்தரவில் வெளிவந்தது. (கிறிஸ்டினின் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பல்கலைக்கழகம் ஒன்று என்பதோடு சரி.) சந்தைப் பக்கமே போகாமல் தன் பாதுகாப்புக்காக டோர் பயன்படுத்துகிறவர்களும் அந்த வலையில் விழுந்திருப்பார்கள் இல்லையா? அதற்குப் பிறகு ஃபோரத்தில் போய் "நான் ஆராய்ச்சியாளர்" என்று சொன்னால் "போலீஸ்தானே?" என்று கேட்காமல் என்ன செய்வார்கள்.

வெட்டிப்பேச்சு: அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் அங்கே?

பெரும்பாலும் பார்சல் வரவில்லை என்று! நிஜமாகத்தான். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் துப்பாக்கியும் கூலிப்படையும் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். நான் படித்ததில் முக்கால்வாசி, விடுமுறைக் கூட்டத்தால் தாமதம், மன்னிக்கவும், அடுத்த ஆர்டரில் கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறேன் என்று விற்பனையாளர் கெஞ்சுவதும், வாங்கியவர் அதை ஏற்காமல் நாலு பக்கத்துக்குச் சண்டை போடுவதும்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சில்க் ரோடு ஃபோரத்தில் ஃபெர்னாண்டோ காவ்டெவில்லா என்ற ஸ்பானிய மருத்துவர் 'டாக்டர் எக்ஸ்' என்ற பெயரில் போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களின் உடல்நலக் கேள்விகளுக்குப் பதில் எழுதினார். எந்த மருந்தோடு எது சேரக்கூடாது, எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும், இந்த மாதிரி. நேரில் டாக்டரிடம் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அங்கே கேட்டார்கள். மோனிகா பாரட், அலெக்சியா மேடாக்ஸ் போன்ற ஆய்வாளர்கள் இந்தச் சமூகங்களில் நேரடியாக உரையாடி எழுதியதைப் படித்த பிறகுதான், எண்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்த நான் பேச்சைப் படிக்க ஆரம்பித்தேன்.

சோளக்கொல்லை: போலீஸ் மூடினால் எல்லாம் முடிந்ததா?

2014 நவம்பரில் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆபரேஷன் ஒனிமஸுக்குப் பின் சந்தை ஓரிரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று டெகாரி-ஹெட்டுவும் ஜியோமோனியும் ஆராய்ந்து எழுதினார்கள். 2017இல் நடந்தது வேறு ரகம். ஹான்சா சந்தையை டச்சு போலீஸ் ஜூனிலேயே ரகசியமாகக் கைப்பற்றித் தானே நடத்திக்கொண்டிருந்தது. ஜூலை தொடக்கத்தில் ஆல்ஃபாபே என்ற பெரிய சந்தை மூடப்பட்டதும் மக்கள் கூட்டமாக எங்கே ஓடினார்கள்? ஹான்சாவுக்கே! ஜூலை 20 அன்று விஷயம் வெளியானது. அந்த வாரம் ஃபோரங்களைப் படித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, யாரும் யாரையும் நம்பவில்லை, மாடரேட்டர் வணக்கம் சொன்னால்கூட சந்தேகப்பட்டார்கள். சிலர் பெயரையும், தங்களை அடையாளம் காட்டுகிற மறையாக்கச் சாவியையும் மாற்றிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார்கள், அதாவது சேர்த்த ரிவ்யூக்களைத் தாங்களே தூக்கிப் போட்டார்கள்.

புதிர்வேடன்: நடத்துகிறவர்களே பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுவதும் உண்டாமே?

உண்டு. வாங்குகிறவர் கட்டும் பணம் எஸ்க்ரோவில், அதாவது சந்தையின் கையில்தான் இருக்கும். 2015 மார்ச்சில் எவல்யூஷன், 2020 ஆகஸ்டில் எம்பயர் என்ற சந்தைகள் அந்தப் பணத்தோடு இப்படித்தான் மறைந்தன. யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

நீலக்குறிஞ்சி: அக்கா, இப்போது எல்லாமே டெலிகிராமுக்குப் போய்விட்டது என்கிறார்களே, உங்கள் வேலை போச்சா?

எல்லாமே போகவில்லை, நிறையப் போய்விட்டது. அங்கே ரிவ்யூ என்பது விற்பனையாளரே போடுகிற ஸ்கிரீன்ஷாட், அவர் நினைத்தால் அழிப்பார், சேனல் ஒரே ராத்திரியில் காணாமல் போகும். எண்ணிப் பெருக்குகிற எங்கள் பழைய வித்தை அங்கே செல்லாது. அதனால் இப்போது ஆட்களிடம் பேசிப் பேட்டி எடுப்பதில்தான் அதிக நேரம் போகிறது, வாரத்துக்கு ஒருவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சரி, மீதிக் கேள்விகளுக்கு நாளை ராத்திரி வருகிறேன். க்ராலர் மறுபடி லாக் அவுட் ஆகிவிட்டது.