இனம் பற்றிய பாடம், தரம் 10: கேள்வி பதில்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வரலாற்று ஆசிரியர்களின் கேள்விகளுக்கான பதில்கள்.

களுவாஞ்சிக்குடி: சேர், 'இனம்' என்பதற்கு வரைவிலக்கணம் கொடுத்தால் பிள்ளைகள் பாடமாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கே தொடங்கலாம்?

குடிசன மதிப்பீட்டில் தொடங்குங்கள். ஆங்கிலேயர் 1871 இல் எடுத்த கணக்கில் 24 இனங்கள். 1881 இல் 7. பத்து வருடத்தில் பதினேழு இனம் அழிந்துவிடவில்லை, எண்ணியவர்கள் பெட்டியை, அதாவது ஆட்களைப் பிரிக்கும் வகையை, மாற்றினார்கள். 1911 இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்தார்கள்.

பிறகு குழுவுக்கு 20 துண்டுக் கடதாசி. ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனை ஆளின் வீட்டு மொழி, சமயம், ஊர், தொழில். முதல் 10 நிமிடம் தாங்கள் விரும்பியபடி பிரிக்கட்டும். அடுத்த 10 நிமிடம் நீங்கள் கொடுக்கும் 7 பெட்டிக்குள் போடட்டும். எதிலும் அடங்காத மூன்று துண்டு கட்டாயம் வேண்டும்: வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் மட்டக்களப்புப் பறங்கித் தச்சர், தமிழ் பேசி, தன்னை வேடர் என்று சொல்லும் வாகரைக்காரர், தாய் தமிழ், தகப்பன் சிங்களமான ஒருவர். சண்டை அந்த மூன்றில்தான் வரும், பாடமும் அங்கேதான். பிள்ளைகளின் சொந்த விபரத்தைத் துண்டில் எழுதவிடாதீர்கள். எழுதினால் விளையாட்டு விசாரணையாகிவிடும்.

கல்முனை: இரத்தத்தில் வித்தியாசம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

மனித மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருப்பதாக மரபியல் ஆய்வாளர் லெவொன்ரின் 1972 இல் கணக்கிட்டார். இரத்த வங்கியில் பார்ப்பது ஏபிஓ வகையையும் ஆர்எச்சையும், பெயரையல்ல.

ஏறாவூர்: தமிழரும் முஸ்லிம்களும் 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' போல என்று சொல்லி முடித்தால் போதாதா?

அதைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். அதனால் அதைக் கேள்வியாக்குங்கள். குழலில் மா ஒரு அடுக்கு, பூ ஒரு அடுக்கு. கல்முனைப் பக்கத்து வீதியை வரையச் சொல்லுங்கள்: மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். எது எந்த அடுக்கு, எல்லை எங்கே, ஏன்? அடுத்த பாடவேளைக்குக் குடி முறை. தாய் வழியில் குடி வருவது, மகளுக்கு வீடு கொடுப்பது, ஒரே குடிக்குள் கலியாணம் தவிர்ப்பது எல்லாம் இரு பக்கத்திலும் உண்டு. வீட்டில் பெரியம்மா, உம்மம்மா மாரிடம் கேட்டுவரச் சொன்னால் கொப்பி நிரம்பும். குடி பெயரை மட்டும் வகுப்பில் வாசிக்க வேண்டாம், அதிலும் ஏற்றத்தாழ்வு இருக்கிறது.

அம்பாறை: 1990 படுகொலைகள் பற்றிப் பேசும்போது "உங்கட ஆக்கள்தானே செய்தது" என்று வருகிறது, என்ன செய்வது?

அந்த வசனத்தைப் பலகையில் எழுதுங்கள். எழுவாயைப் பிடியுங்கள்: ஒரு இனம் முழுவதும் துவக்குத் தூக்கவில்லை. அது எந்த ஆயுதக்குழு, எந்தப் படை என்று கேட்டு, அந்த இடத்தில் அதை எழுதச் செய்யுங்கள். முஸ்லிம்கள் கொல்லப்பட்ட ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், தமிழர் கொல்லப்பட்ட ஆகஸ்ட் 12 வீரமுனை, செப்டம்பர் 9 சத்துருக்கொண்டான் மூன்றும் ஒரே பலகையில் வரவேண்டும். ஒன்றை மட்டும் எழுதுவதானால் எழுதாமலே விடலாம். முதல் நாளே பாடம் இதுதான் என்று சொல்லிவிடுங்கள். வெளியே போக விரும்பும் பிள்ளை கூட்டாளியோடு போகட்டும், காரணம் கேட்க வேண்டாம்.

அக்கரைப்பற்று: வகுப்பில் ஒரேயொரு சிங்களப் பிள்ளை. வெசாக் பற்றி அவரைப் பேசச் சொல்லலாமா?

அவராகக் கை தூக்கினால் மட்டும்.