டெக்னிக்கல் ரைட்டர் ஆக அந்தப் பெயரிலேயே பட்டம் வேண்டுமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படித்தாள். ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவாள். டெக்னிக்கல் கம்யூனிகேஷன் படித்தால் ஐ.டி. நிறுவனங்களில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். இங்கே அந்தப் படிப்பு இல்லை, அமெரிக்காவுக்கு அனுப்புங்கள் என்று ஒரு கன்சல்டன்ட் சொல்கிறார். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கலாமா? - ராஜபாளையம் வாசகர்.

பதில்: வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கருவியையோ மென்பொருளையோ எப்படிப் பயன்படுத்துவது என்று படிப்பவருக்குப் புரியும்படி கையேடு எழுதுவதுதான் டெக்னிக்கல் ரைட்டர் வேலை; அதைக் கற்றுத்தரும் படிப்பு டெக்னிக்கல் கம்யூனிகேஷன். கன்சல்டன்ட் சொன்னதில் பாதி உண்மை. இந்தப் பெயரில் இளநிலைப் பட்டம் நம் கல்லூரிகளில் கிடைப்பது அரிது. அமெரிக்காவில் உண்டு; கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1958லேயே தொடங்கிவிட்டார்கள். அவர் சொல்லாமல் விட்டது மீதிப் பாதி. சென்னையிலும் பெங்களூரிலும் இந்த வேலையில் இருப்பவர்கள் பி.ஏ. ஆங்கிலம், பி.எஸ்சி., பி.இ. என்று வேறு வேறு படிப்பு படித்து வந்தவர்கள்தான். நேர்காணலில் பட்டத்தின் பெயரைவிட, கையில் கொண்டுபோகும் எழுத்து மாதிரிகளுக்குத்தான் மதிப்பு.

உங்கள் மகளுக்கு இந்த வேலை வருமா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று எழுதச் சொல்லுங்கள். 'மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும். அதற்கு முன் இன்வெர்ட்டரை அணைத்திருக்க வேண்டும்' என்று எழுதினால் தவறு. படிப்பவர் முதல் வரியிலேயே மூடியில் கை வைத்திருப்பார். அணைப்பதுதான் முதல் படி. குழாய்த் தண்ணீர் கூடாது என்ற எச்சரிக்கை, ஊற்றும் படிக்கு முன்னால் வர வேண்டும். 'போதுமான அளவு' என்று மொட்டையாக எழுதக் கூடாது. மிதவையில் எந்தக் கோடு வரை என்று சொல்ல வேண்டும். எழுதியதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்த்துத் திருத்த வேண்டும். இதில் அவளுக்குச் சலிப்பு வரவில்லை என்றால் தாராளமாக இறங்கலாம்.

இதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க நம் பல்கலைக்கழகங்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்று தெரியவில்லை. பொறியியல் முதலாண்டு ஆங்கிலத் தாளில் 'எட்டு அறிவுறுத்தல்கள் எழுதுக' என்று கேள்வி வரும். அந்தக் கருவியைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் கைடைப் பார்த்து மனப்பாடம் செய்து எழுதுவார்கள், மதிப்பெண்ணும் விழும். இந்த ஓட்டையில்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள்.

கன்சல்டன்ட்டுகளில் பலருக்கு, மாணவரைச் சேர்த்துவிட்டால் அந்தப் பல்கலைக்கழகமே கமிஷன் கொடுக்கிறது. 'படித்து முடித்ததும் மூன்று வருஷம் அங்கேயே வேலை பார்க்கலாம்' என்பார்கள். விதி அப்படி இல்லை. எல்லோருக்கும் கிடைப்பது 12 மாதம். அமெரிக்க அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மட்டுமே மேலும் 24 மாதம். டெக்னிக்கல் ரைட்டிங் பல இடங்களில் ஆங்கிலத் துறைக்குள் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு படிப்புக்கும் சி.ஐ.பி. என்ற குறியீட்டு எண் உண்டு; ஆங்கிலத் துறைப் படிப்புகளுக்கான 23 என்று தொடங்கும் குறியீடு அந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் படிப்பின் சி.ஐ.பி. குறியீடு என்ன என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள்.

உள்ளூர்ப் பயிற்சி மையங்களும் சளைத்தவை அல்ல. 'எஸ்.டி.சி. சர்வதேசச் சான்றிதழ்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். எஸ்.டி.சி. என்பது டெக்னிக்கல் ரைட்டர்களின் அமெரிக்கச் சங்கம். 1953ல் தொடங்கிய அது 2025 ஜனவரியில் திவாலாகி மூடப்பட்டுவிட்டது.

பட்டத்துக்கே மதிப்பு உள்ள இடம் ஒன்று உண்டு: ஜெர்மனி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இயந்திரம் விற்றால், அது பயன்படும் நாட்டின் மொழியில் கையேடு கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அங்கே இது தனித் தொழில். கார்ல்ஸ்ரூ போன்ற ஊர்களில் இதற்கென்றே இளநிலைப் படிப்பு இருக்கிறது. ஆனால் பாடம் ஜெர்மன் மொழியில். மொழித் தேர்வில் சி1 என்ற உயர்நிலை அளவுக்காவது தேற வேண்டும். வெறும் பிளஸ் டூவை வைத்து நேரடியாகச் சேர்வது பொதுவாக நடக்காது. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தரும் ஏ.பி.எஸ். சான்று வேண்டும். மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுன்ட்) ஆண்டுச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்பதும் இங்கே பொருந்தாது: கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் நம் மாணவர்களிடம் பருவத்துக்கு (செமஸ்டருக்கு) 1,500 யூரோ வாங்குகிறது. மகளுக்கு ஜெர்மன் மீது உண்மையான ஆசை இருந்தால், இங்கே கல்லூரியில் படித்துக்கொண்டே மொழியைக் கற்கட்டும். முதுநிலைக்குப் போவது சுலபம்.

இப்போதைக்கு அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியலோ பி.ஏ. ஆங்கிலமோ போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். கூகுள் தரும் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம். எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுன், யார் எதைத் திருத்தினார் என்று பதிவு வைக்கும் கிட் (Git) இரண்டையும் பழகி, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருளின் (ஓப்பன் சோர்ஸ்) கையேட்டில் உள்ள குழப்பமான பக்கத்தைத் திருத்தி அனுப்பட்டும். அது ஏற்கப்பட்டால், யார் திருத்தியது என்ற பதிவு எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே இருக்கும். மூன்று வருஷத்தில் அப்படி ஏழெட்டு சேர்ந்தால் எந்தச் சான்றிதழும் அதற்கு ஈடாகாது.

கன்சல்டன்ட்டிடம் முன்பணம் கொடுத்திருந்தால் எழுத்துமூலம் திருப்பிக் கேளுங்கள். மகளின் அசல் மதிப்பெண் பட்டியலை அவர் வாங்கி வைத்திருந்தால், அதை நாளைக்கே போய் வாங்கி வந்துவிடுங்கள்.