குறைந்த மதிப்பெண்ணோடு எம்.பி.ஏ.: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஜிமேட், ஜி.ஆர்.இ. இரண்டில் எது எனக்கு ஏற்றது? (லாஸ்பேட்டை வாசகி)

இரண்டும் மேற்படிப்புச் சேர்க்கைக்கான நுழைவுத் தேர்வுகள். எம்.பி.ஏ. நடத்தும் வெளிநாட்டு வணிகப் பள்ளிகளில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கின்றன. ஜிமேட்டில் இப்போது வடிவக் கணிதம் இல்லை. ஆனால் கணிதப் பகுதியில் கால்குலேட்டரும் கிடையாது. ஜி.ஆர்.இ.யில் கால்குலேட்டர் உண்டு. கூடவே வடிவக் கணிதமும் கடினமான ஆங்கிலச் சொற்களும் உண்டு. இரண்டுக்கும் அதிகாரபூர்வ இலவச மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. அவற்றை நேரம் வைத்து முழுமையாக எழுதிப் பார்க்காமல், இருபதாயிரம் ரூபாயைத் தாண்டும் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.

பி.இ.யில் 54 சதவீதம். கேட் தேர்வில் 95 எடுத்தால் அகமதாபாத் ஐ.ஐ.எம். கிடைக்குமா? (நெய்வேலி வாசகர்)

நீங்கள் குறிப்பிடும் 95 மதிப்பெண்ணா, பெர்சன்டைலா என்பதை எழுதவில்லை, இரண்டும் வேறு. தேர்வெழுதியவர்களில் எத்தனை சதவீதம் பேரை முந்தினீர்கள் என்பதே பெர்சன்டைல். பெர்சன்டைல் என்றே கொள்கிறேன். பட்டப்படிப்பில் 50 சதவீதம் இருந்தாலே பொதுப் பிரிவினரும் கேட் எழுதலாம். ஆனால் எழுதத் தகுதி பெறுவதும் நேர்முகத்துக்கு அழைக்கப்படுவதும் ஒன்றல்ல. அந்நிறுவனம் பத்தாம் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரையிலான மதிப்பெண்களையும் கணக்கில் சேர்ப்பதால், பொதுப் பிரிவினருக்கு 95 போதாது.

பி.காம்.மில் ஆறு அரியர் வைத்துத் தேறினேன். அவற்றைக் காட்டாமல் விண்ணப்பித்து, கட்டுரைகளையும் தாங்களே எழுதித் தருவதாக ஓர் ஆலோசனை மையத்தில் சொல்கிறார்கள். சேரலாமா? (கடலூர் முதுநகர் வாசகர்)

சேரக் கூடாது. இத்தகைய கடிதங்கள் வந்துகொண்டே இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எல்லாப் பருவங்களின் மதிப்பெண் பட்டியலையும் கேட்கும் பள்ளியிடம் தோல்வியுற்ற தாள்களை மறைத்தால், அது தெரியவரும் நாளில், சேர்ந்து படித்துக்கொண்டிருந்தாலும் இடம் பறிபோகலாம். அரியர் ஒரு பலவீனம் மட்டுமே. மறைத்தல் நேர்மைக் குறைவு, அதை எந்தத் தேர்வு மதிப்பெண்ணாலும் ஈடுசெய்ய முடியாது. பிறர் எழுதிய கட்டுரையும் அப்படித்தான்: நேர்முகத்தில் அதிலுள்ள ஒரு வரியை விளக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

ஈடுசெய்ய வழி உண்டு. உங்கள் அரியர்கள் கணக்கியலிலும் புள்ளியியலிலும் இருந்தால், அதே பாடங்களை, ஐ.ஐ.டி.கள் இணையவழியில் நடத்தும் என்.பி.டி.இ.எல். போன்ற, மையத்துக்குச் சென்று தேர்வெழுத வேண்டிய படிப்புகளில் எடுத்து நல்ல மதிப்பெண் பெறுங்கள். காணொளி பார்த்ததற்காகக் கிடைக்கும் சான்றிதழ்களைக் குவிப்பதால் பயன் இல்லை. நுழைவுத் தேர்வின் கணிதப் பகுதியில் உயர்ந்த மதிப்பெண் வேண்டும். வேலையில் எவ்வளவு பணத்துக்கோ எத்தனை பேருக்கோ பொறுப்பேற்றீர்கள் என்பதை மேலாளரின் பரிந்துரைக் கடிதம் சொல்ல வேண்டும். அரியர் விழுந்த காரணத்தை, விண்ணப்பத்தில் விரும்பினால் மட்டும் எழுதும் கூடுதல் கட்டுரையில் நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். குடும்பச் சூழல் உண்மையாக இருந்தாலும் இரண்டு பக்கம் வேண்டாம்.

2022-இல் பழைய ஜிமேட்டில் 700 எடுத்தேன். அது செல்லுமா? (பண்ருட்டி வாசகர்)

ஐந்தாண்டு வரை செல்லும். ஜிமேட்டின் மதிப்பெண் அளவுகோல் அதன்பின் மாறிவிட்டது. புதிய அளவுகோலில் அது சுமார் 645-க்கு இணையானது. எனவே புதிய மதிப்பெண்களோடு நேரடியாக ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

எனக்கு மதிப்பெண் குறைவு. என்ன செய்யலாம்? (நெல்லிக்குப்பம் வாசகர்)

எந்தப் பட்டம், எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு வேலை, உள்நாடா வெளிநாடா என எதையும் எழுதாமல் கேட்டால் எவராலும் பதில் சொல்ல இயலாது. விவரங்களோடு மீண்டும் எழுதுங்கள். அதற்குள் ஒரு மாதிரித் தேர்வை முழுமையாக எழுதி, அந்த மதிப்பெண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.