சீட் வாங்குவதற்கு முன் அட்டையில் உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் அதிகாலையில் சைக்கிள் ஓட்டுகிறேன். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய ‘பிரவே’ என்ற நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு, 200 கி.மீ. ஓட்ட, தயாராகி வருகிறேன். 40 கி.மீ. தாண்டினால் முன்பக்கம் எரிகிறது, பிறகு மரத்துப்போகிறது. ஜெல் உறை வாங்கிப் போட்டேன், எரிச்சல் கூடியதுதான் மிச்சம். இப்போது பிறப்புறுப்பின் ஓரத்தில் பட்டாணி அளவில் ஒரு கட்டி. கடைக்காரர் ‘பெண்களுக்கான சீட்’ என்று விலை உயர்ந்த ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா? – வாசகி, சென்னை

பதில்: சீட் காத்திருக்கட்டும். முதலில் கட்டி.

அந்த இடத்தில் வரும் கட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் எல்லாம் ஒன்றல்ல. வியர்வையும் உராய்வும் சேர்ந்து மயிர்க்காலில் சீழ் வைப்பது ஒரு வகை. தோலுக்கடியில் உருண்டையாகத் தங்கிவிடும் கொழுப்புக்கட்டி போன்றது இன்னொன்று. யோனி வாயிலின் இரு பக்கமும் சற்றுக் கீழே பார்த்தோலின் சுரப்பிகள் உள்ளன. அவற்றின் குழாய் அடைத்துக்கொண்டால் நீர் தேங்கிக் கட்டியாகும். இந்த அடைப்புக்கு சைக்கிள்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வந்த கட்டியின் மேல் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் வலி கூடும் என்பதில் சந்தேகமில்லை.

வலியில்லாத சிறு கட்டி பெரும்பாலும் தானே வற்றிவிடும். இதமான வெந்நீரை அகலமான தொட்டியில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் இடுப்பளவு உட்காருங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். பிதுக்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். அது வற்றும்வரை சைக்கிளுக்கு விடுப்பு. காய்ச்சல் வந்தாலோ, கட்டி சிவந்து மளமளவென்று வளர்ந்தாலோ, உட்காரவே முடியாத வலி என்றாலோ அன்றைக்கே மகளிர் மருத்துவரிடம் போய்விடுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள், புதிதாக வந்த கட்டியை வலி இல்லாவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். அரிதாக அது வேறு நோயாகவும் இருக்கக்கூடும், அதைப் பரிசோதித்துத்தான் விலக்க முடியும். திரும்பத் திரும்ப வருகிற பார்த்தோலின் கட்டிக்கு நீரை மட்டும் எடுத்துவிட்டால் மறுபடி தேங்க வாய்ப்பு அதிகம். சிறிதாகக் கீறி, ஓரங்களைத் தைத்து, வடிவதற்கு நிரந்தர வழி செய்யும் சிகிச்சை இருக்கிறதா என்று கேளுங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் சீட்டில் இருக்கிறீர்கள் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள். பிரிட்டனின் பாராலிம்பிக் வீராங்கனை ஹன்னா டைன்ஸ், சீட் அழுத்தத்தால் பிறப்புறுப்பில் வீக்கம் உண்டாகி அறுவைச் சிகிச்சை வரை போனதை 2019-இல் வெளிப்படையாக எழுதினார். இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிற ஒவ்வொரு வாரமும் உடம்புக்குத்தான் நஷ்டம்.

இனி சீட். நம் எடையைத் தாங்க வேண்டியவை புட்டத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகள். அவை சீட்டின் அகலமான பின்பகுதியில் பதிந்துவிட்டால் முன்பக்கத்துக்குப் பாரம் குறையும். ஜெல் உறை கடையில் விரலால் அமுக்கும்போது சுகமாகத்தான் இருக்கும். ஏறி உட்கார்ந்ததும் எலும்புகள் அதில் புதைகின்றன, நடுவில் ஜெல் பிதுங்கி மேலெழுந்து மென்மையான சதையை அழுத்துகிறது. உறை நகரும்போது உராய்வும் சேர்கிறது. நீண்ட தூரத்துக்கு அது வேண்டவே வேண்டாம், இன்றே கழற்றிவிடுங்கள்.

‘பெண்களுக்கான’ என்ற பட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், உங்கள் அளவைப் பார்த்து வாங்குங்கள். பொதுவாகப் பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி ஆண்களைவிட அதிகம்தான், ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு நிறைய. வீட்டிலேயே அளக்கலாம். பார்சல் பெட்டியின் நெளி அட்டையில் ஒரு துண்டை வெட்டி மரப்பலகை அல்லது கல்படி மேல் போடுங்கள். மெல்லிய உடையுடன் அதில் உட்கார்ந்து, முழங்கால் இடுப்பைவிட உயரும்படி குதிகாலைத் தூக்கி, சைக்கிளில் குனிவதுபோல் சற்றுக் குனியுங்கள். எழுந்து விரலால் தடவினால் இரண்டு பள்ளங்கள் தட்டுப்படும். சாக்பீசைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கண்ணுக்கே தெரியும். ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து மற்றதன் மையம்வரை அளந்து, அதனுடன் 20 முதல் 30 மி.மீ. கூட்டுங்கள். நிமிர்ந்து ஓட்டுபவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் வேண்டும். இடைவெளி 125 மி.மீ. என்றால் 150-ஐ ஒட்டிய அகலம் தேவைப்படும். ஒரே மாடல் 143, 155, 168 மி.மீ. என்று பல அகலங்களில் வருவது உண்டு, ஆகவே மாடல் பெயரோடு அகலத்தையும் கேட்டு வாங்குங்கள். நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள, மூக்கு (சீட்டின் ஒடுங்கிய முன்பகுதி) குட்டையான சீட்டை முதலில் முயன்று பாருங்கள். திறப்பின் விளிம்பே சிலருக்கு வெட்டும், அப்படியானால் பள்ளம் மட்டும் உள்ளது பொருந்தலாம். இதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பணம் கொடுப்பதற்கு முன் இப்போதைய சீட்டின் உயரத்தைப் பாருங்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதற்காக இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் சீட் அளவுக்கு மீறிய உயரத்தில் இருக்கிறது. இடுப்பு ஆட ஆட உராய்வு கூடிக்கொண்டே போகும். மூக்கு மேல்நோக்கி இருந்தால் மட்டமாக்கி, ஓரிரு டிகிரி கீழே இறக்கிப் பாருங்கள். அதற்கு மேல் இறக்கினால் முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் கைக்கு வரும். கைப்பிடி எட்டாத தூரத்தில் இருந்தாலும் இடுப்பு முன்னால் உருண்டு அதே இடம்தான் அழுந்தும். இவற்றைச் சரிசெய்யச் செலவு ஒரு ஆலன் சாவிதான் (அறுகோண முனையுள்ள திருகு சாவி). 200 கி.மீ. பிரவேக்கு 13 மணி 30 நிமிடம் தருகிறார்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சில வினாடி பெடலில் எழுந்து நிற்பதால் நேரம் கெட்டுவிடாது.

கேள்வி: பேடு வைத்த ஷார்ட்ஸ் போட்டும் தொடை இடுக்கில் சிவந்து அரிக்கிறது. மருந்துக் கடையில் கொடுத்த கிரீமைத் தடவினால் இரண்டே நாளில் அடங்குகிறது, பிறகு மேலும் பரவுகிறது. – வாசகி, மதுரை

பதில்: அந்த டியூபின் பின்புறத்தைப் படியுங்கள். குளோபெட்டாசோல், பெக்ளோமெத்தாசோன், பீட்டாமெத்தாசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்தோடும் நுண்ணுயிர்க்கொல்லியோடும் கலந்து விற்கிறார்கள். சிவப்பு உடனே குறையும், பூஞ்சை உள்ளே நிம்மதியாகப் பரவும், மெல்லிய தோல் இன்னும் மெலியும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. தட்டிலிருந்து எடுத்து நீட்டுவது தவறு, வாங்கித் தடவுவது ஆபத்து. தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை அணியாதீர்கள், அதன் தையல்தான் உராயும். வாங்கும்போது உள்ளே கையை விட்டுப் பேடின் நடுவில் தையல் ஓடுகிறதா என்று தடவிப் பாருங்கள், ஓடினால் திருப்பி வைத்துவிடுங்கள். ஷார்ட்ஸ் தொடையைப் பிடித்து நிற்க வேண்டும், நகரக் கூடாது. ஓட்டி முடித்ததும் ஈர ஷார்ட்ஸுடன் காபிக் கடையில் உட்காராதீர்கள். ஒவ்வொரு முறையும் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும், எனவே ஒரு விலை உயர்ந்ததைவிட இரண்டு நடுத்தரமானவை மேல். உராய்வைக் குறைக்கும் கிரீம் வாங்கினால் மெந்தால் இல்லாததாக இருக்கட்டும். அந்த இடத்தில் குளிர்ச்சி நெருப்பாக எரியும். அந்தரங்க முடியை அடியோடு மழிப்பதையும் நிறுத்திப் பாருங்கள், வெட்டுப்பட்ட மயிர்க்கால்தான் சீழ்க்கட்டிக்கு வாசல்.

கேள்வி: 155 மி.மீ. என்று இணையத்தில் வாங்கிய சீட்டை அளந்தால் 143 இருக்கிறது. ‘பயன்படுத்திய பொருளைத் திரும்பப் பெற மாட்டோம்’ என்கிறார்கள். – வாசகி, கோவை

பதில்: சீட் பொருந்தவில்லை என்பது வேறு, சொன்ன பொருளைத் தரவில்லை என்பது வேறு. முன்னதற்குக் கடையின் பெருந்தன்மையைத்தான் நம்ப வேண்டியிருக்கும். உங்களுடையது இரண்டாவது வகை. விற்பனைப் பக்கத்தைப் படம்பிடித்து, சீட்டின் மிக அகலமான இடத்தில் அளவுநாடாவை வைத்து இன்னொரு படம் எடுத்து, பில்லோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அடுத்த முறை அட்டைப்பெட்டியையும் ஸ்டிக்கரையும் எறியாமல், சீட்டின் அடிக் கம்பிகளில் அதைப் பிடிக்கும் கிளாம்பின் கீறல் விழும்முன் அளந்துவிட்டுப் பூட்டுங்கள்.