பட்ட துன்பமும் நடுவயது உடல்நலமும்: வாசகியர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு 49 வயது. புதுக்குடியிருப்புப் பகுதியில் இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கின்றேன். 2009 இல் கணவரை இழந்தேன். அதற்கு முன் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, தேவிபுரம், மாத்தளன் என்று இடம் மாறி மாறி ஓடி, பின்னர் செட்டிகுளம் முகாமில் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தோம். ஊர் திரும்பியபின் தையலும் கோழி வளர்ப்புமாகப் பிள்ளைகளைப் படிப்பித்தேன். இரண்டு வருடங்களாக மாதவிடாய் ஒழுங்கில்லை. இரவில் உடம்பு திடீரெனக் கொதித்து வியர்க்கின்றது, நெஞ்சு பதகளிக்கின்றது, இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை யோசினைதான். நாரி நோவுக்கும் முழங்கால் நோவுக்கும் கடையில் குளிசை வாங்கிப் போடுகின்றேன். ஒரு தனியார் மருந்தகத்தில் காட்டியபோது, "வயது போனால் இப்படித்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிடாததும் வெற்றிலை போடுவதும்தான் காரணம் என்று அக்கா ஏசுகின்றா. நாங்கள் பட்டது இத்தனை வருடம் கழித்து உடம்பில் வந்து நிற்குமா, அல்லது நான் என்னைப் பார்க்காமல் விட்டதன் பலனா?

பதில்: அன்புள்ள சகோதரி, "வயது போனால் இப்படித்தான்" என்பது உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பதில் அல்ல. பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிடாய் நிற்பது இயற்கைதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வரும் வருடங்களில் ஈஸ்ட்ரஜன் என்னும் ஹோர்மோன் ஏறியிறங்கிக் குறைகின்றது; அதனால் உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதி சிறு மாற்றத்துக்கும் பதறி, தோலின் குருதிக் குழாய்களை விரித்து வியர்க்க வைக்கின்றது. நீங்கள் சொல்லும் கொதிப்பு இதுவாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1996 இல் தொடங்கி, நடுவயதுப் பெண்கள் 3,300 பேரளவில் பல வருடங்களாகப் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், இந்தக் கொதிப்பு அடிக்கடி வந்த பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏழு வருடங்களுக்கு மேல் நீடித்தமை தெரியவந்தது. அத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள் என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லக்கூடாது.

இனி உங்கள் கேள்வி. துன்பம் உடம்பில் வந்து நிற்குமா என்றால், நிற்கும். ஷெல் விழும்போது அதிரினலீன், கோர்ட்டிசோல் என்னும் ஹோர்மோன்கள் சுரந்து இதயத்தை வேகப்படுத்தி, குருதியில் சீனியை ஏற்றி, ஓடுவதற்கு உடலைத் தயார் செய்கின்றன. அன்று உங்களையும் பிள்ளைகளையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்ததில் அந்தச் சுரப்புக்கும் பங்குண்டு. பதுங்குகுழி வாழ்க்கை முடிந்த பின்னரும், கடன், காணி, பிள்ளைகளின் படிப்பு, வீட்டில் தனியாக இருக்கும் இரவு என்று பயம் வேறு உருவில் தொடரும்போது, அந்தச் சுரப்பு முற்றாக அடங்குவதில்லை. வருடக்கணக்கில் அடங்காதிருந்தால் இரத்த அழுத்தம் ஏறுகின்றது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்கின்றது, இன்சுலின் வேலை செய்வது தளர்கின்றது, நித்திரை கலைகின்றது. ஈஸ்ட்ரஜன் குறைவதால் நடுவயதில் கெட்ட கொலஸ்ட்ரோலும் ஏறுகின்றது, எலும்பும் தேய்கின்றது; இப்படிப் பழைய பாரமும் புதிய மாற்றமும் ஒரே காலத்தில் ஒரே உடம்பில் சந்திக்கின்றன. இது வன்னிப் பெண்களுக்கு மட்டும் உரியதல்ல. கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரில் நடத்தப்பட்டு 1998 இல் வெளியான பேராய்வு, சிறுவயதில் நான்கோ அதற்கு மேற்பட்டோ வகையான இடர்களைக் கண்டவர்களிடம் இதய நோய் ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததைக் காட்டியது.

உங்கள் அக்கா சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் அவர் அதை உங்கள் குற்றமாகப் பார்க்கின்றார். நான் அப்படிப் பார்க்கவில்லை. வெற்றிலை பசியை அடக்கும், இரவு தையல் இயந்திரத்தின் முன் கண் சொருகாமல் வைத்திருக்கும். சீனி கூடப் போட்ட பிளேன்ரீயும் பாணும் முகாமில் கிடைத்த உணவு. அதுவே பழகிப் பின்னர் காலைச் சாப்பாடாகிவிட்டது. பிள்ளைகளுக்கு மீனைக் கொடுத்துவிட்டுச் சொதியோடு எழும்புகின்ற தாயை "உன்னைப் பார்க்கவில்லை" என்று ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. துன்பம் உடலுக்குள் புகும் வாசல்களில் பழக்கமும் ஒன்று. மேற்சொன்ன சான் டியேகோ ஆய்வின் தரவுகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், இதய நோய் கூடியதற்குப் புகைத்தல் போன்ற பழக்கங்கள் ஒரு பகுதிக் காரணமே என்றும், மனச்சோர்வு போன்ற மன நிலைகளின் பங்கு அதைவிடப் பெரிதென்றும் கண்டார்கள். ஆகவே பழக்கத்தை மட்டும் திருத்திவிட்டு மனதை விட்டுவிட முடியாது. ஆனாலும் நடந்ததை மாற்ற முடியாத நாம் இன்று கை வைக்கக்கூடிய இடம் பழக்கம் என்பதால், அதை நான் சிறிதாக எண்ணவில்லை.

முதலில் உடலை அளந்து பாருங்கள். உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் சுகவனிதையர் கிளினிக் நடக்கும். 1996 இலிருந்து அரசு நடத்திவரும் இலவசச் சேவை அது. உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேட்டால் நாளைச் சொல்லுவார். அங்கே இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள். வெறும் வயிற்றில் சீனி 126 ஐ எட்டினால் நீரிழிவு. 100 க்கும் 125 க்கும் இடையில் இருந்தால் அது எச்சரிக்கை, அந்தக் கட்டத்தில் உணவாலும் நடையாலும் பலருக்குத் திரும்பி வர முடியும். உயரழுத்தம் 140, கீழழுத்தம் 90 என்ற அளவுகளில் ஏதாவது ஒன்றைத் தாண்டினாலும் திரும்பத் திரும்ப அளந்து பார்க்க வேண்டும். நெஞ்சுப் பதகளிப்புக்குத் தைரொயிட் கோளாறும் இரத்தச்சோகையும் காரணமாகலாம் என்பதால், அவற்றுக்கான இரத்தப் பரிசோதனையையும் நீங்களே கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கடைக் குளிசையைப் பற்றி நான் மிகவும் கவலைப்படுகின்றேன். டைக்குளோபெனாக் வகை நோக் குளிசைகளைத் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் பழுதாகும், வயிற்றில் புண் வரும், பிறசர் ஏறும். காரணம் தெளிவாக அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தில் எத்தனை குடும்பங்களைத் தவிக்க விட்டிருக்கின்றது என்பதை வன்னியில் இருக்கும் நாம் அறிவோம். மருத்துவர் எழுதித் தராமல் அந்தக் குளிசையை இனிப் போடாதீர்கள். நோவுக்கு அவசியமானால் பரசிற்றமோல் அளவோடு போதும். தையல் கதிரையின் உயரத்தை மாற்றி, அரை மணிக்கொரு தரம் எழுந்து நில்லுங்கள்.

வெற்றிலையில் புகையிலையை முதலில் விடுங்கள், பிறகு பாக்கை. பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வகைப்படுத்திவிட்டது. உணவுக்கு விலை கூடிய எதுவும் வேண்டாம். குரக்கன் மாவில், எடைக்கு எடை, பாலைவிட இரு மடங்குக்கு மேல் கல்சியம் உண்டு. வளவில் நிற்கும் முருங்கை இலை, பயறு, முள்ளோடு தின்னக்கூடிய நெத்தலி, உங்கள் கோழியின் முட்டை இவை போதும். முட்டை முழுவதையும் விற்றுவிடாமல் நாளுக்கு ஒன்றை உங்களுக்கென்று எடுத்து வையுங்கள்.

நித்திரைக்கு, பின்னேரத்துக்குப் பிறகு தேநீர் வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழும்புங்கள். ஆனால் இரண்டு மணி யோசினையைத் தேநீரால் மட்டும் விளக்க முடியாது. கொதிப்பு எழுப்பிவிடுகின்றது, எழும்பியபின் பழைய நினைவுகள் தூங்க விடுவதில்லை. அந்த நினைவுகளில் ஷெல் சத்தமோ இறந்தவர்களோ திரும்பத் திரும்ப வந்தால், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் அழைக்கலாம். கொதிப்பு தாங்க முடியாததாக இருந்தால் ஹோர்மோன் சிகிச்சை உண்டு. மார்பகப் புற்றுநோயோ குருதி உறைதலோ முன்பு வந்தவர்களுக்கு அது பொருந்தாது என்பதால், மகப்பேற்று வைத்திய நிபுணர் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.

கேள்வி: நான் 1987 இல் பிறந்தேன். பொருளாதாரத் தடைக் காலத்தில், மல்லாவியில் ஒரு நேரச் சாப்பாட்டோடு வளர்ந்தேன். சிறுவயதுப் பசி இப்போது என்னைப் பாதிக்குமா?

பதில்: பாதிக்கலாம், தங்கச்சி. 1944 முதல் 1945 வரையான குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பெரும் பஞ்சம் வந்தது. அப்போது சிறுமிகளாக இருந்து கடும் பசியைக் கண்டவர்களுக்கு மாதவிடாய் மற்றவர்களைவிடச் சற்று முன்னதாக நின்றதை ஆய்வாளர்கள் கண்டார்கள். முன்னதாக நின்றால் எலும்பும் இதயமும் ஈஸ்ட்ரஜனின் காப்பை முன்னதாக இழக்கும். ஆகவே 45 வயதுக்கு முன் உங்கள் மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போனால் உடனே மருத்துவரைக் காணுங்கள். 35 வயதைத் தாண்டிவிட்டதால் சுகவனிதையர் கிளினிக்குக்கு இப்போதே செல்லலாம். இடுப்புச் சுற்று 80 சென்ரிமீற்றரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பிராந்தியப் பெண்களுக்கு எடையைவிட அந்த அளவே கூடுதலாகச் சொல்லும்.

கேள்வி: வயது 54. இரணைமடுவுக்குக் கீழே வயல் வேலை செய்கின்றேன். நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் எனக்கும் நடைப்பயிற்சி வேண்டுமா? இன்னொன்று, தீட்டு நின்று இரண்டு வருடமாகின்றது. போன மாதம் கொஞ்சம் இரத்தம் பட்டது.

பதில்: அக்கா, வேலையுள்ள காலத்தில் உங்களுக்குத் தனி நடை தேவையில்லை, ஓய்வுதான் தேவை. அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்ட பிறகு வருடத்தில் பல மாதங்கள் சும்மா இருக்க நேர்கின்றதே, அந்த மாதங்களில் கிழமைக்கு 150 நிமிடமாவது விரைந்து நடவுங்கள். ஆனால் நீங்கள் கடைசியாக எழுதியதுதான் முதலில் எழுதியிருக்க வேண்டியது. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் கருப்பையைப் பரிசோதித்தே ஆக வேண்டும். பலருக்கு அது சாதாரண காரணமாகவே முடியும். சிலருக்குப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கும், அந்நிலையில் பிடித்தால் குணப்படுத்தலாம். வெட்டு முடியட்டும் என்று இருக்காமல், இந்தக் கிழமையே கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்கில் காட்டுங்கள்.