பீன்ஸ் காயா, பயறா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், பள்ளிக்காக உணவு வகைகளைப் பற்றி ஒரு சார்ட் தயாரித்தாள். பீன்ஸ் படத்தைக் காய்கறிப் பகுதியில் ஒட்டினாள். அமெரிக்கப் படம் ஒன்றில் அது புரதப் பகுதியில் இருக்கிறது என்கிறாள் அவள் தோழி. எது சரி, அம்மா? இன்னொரு சந்தேகம். எங்கள் வீட்டில் தினமும் சாம்பார் உண்டு, ஞாயிறன்று முட்டை. பருப்பு போதுமான அளவு சேர்கிறது என்றுதான் நினைக்கிறேன். வீட்டில் ஐந்து பேர். நீங்கள் முன்பு எழுதியிருந்தபடி மாத மளிகைச் சீட்டையும் அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பொரியலுக்கு நறுக்கும் பச்சை பீன்ஸ் காய்தான். உங்கள் மகள் ஒட்டியது சரி. தோழி பார்த்த படமும் தவறில்லை. ஆங்கிலத்தில் காய்க்கும் விதைக்கும் சேர்த்தே ‘பீன்ஸ்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது ராஜ்மா மாதிரி முற்றிக் காய்ந்த விதை. காய், பயறு, பருப்பு என்று தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் நமக்கு இந்தக் குழப்பமே வந்திருக்கக் கூடாது!

பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே செடி இனம் என்பது பலருக்குத் தெரியாது. பிஞ்சில் பறித்தால் பீன்ஸ், முற்றவிட்டு உரித்தால் ராஜ்மா. நம் ஊர் அவரைக்காயும் மொச்சையும் அப்படித்தான், ஒரே இனத்தின் இரு வகைகள். பிஞ்சுக் காயில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிராம் பீன்ஸில் புரதம் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் இருக்கும். அதே 100 கிராம் காய்ந்த ராஜ்மாவில் ஏறக்குறைய 20 கிராம். அதனால் பீன்ஸ் பொரியல் வைத்த நாளில் பருப்பைக் குறைத்துவிடாதீர்கள். தை மாதத்துப் பச்சை மொச்சை இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அதை நான் பாதிப் பருப்பாகக் கணக்கு வைப்பேன். அமெரிக்க அரசு 2011இல் கொண்டுவந்த உணவுத் தட்டு முறையில் ராஜ்மா, கொண்டைக்கடலை போன்றவற்றைக் காய்கறியாகவும் கொள்ளலாம், புரதமாகவும் கொள்ளலாம் என்றிருந்தது. நார்ச்சத்தும் ஃபோலேட் என்னும் வைட்டமினும் அவற்றில் நிறைய இருப்பதுதான் காரணம். ஆனால் ஒரு கிண்ணத்தை ஒரு முறைதான் எண்ண வேண்டும்.

இனி உங்கள் சீட்டுக்கு வருகிறேன். ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்டால் எல்லாரும் ‘தினமும் பருப்பு’ என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொன்ன ஒரு தாயிடம் அளவு கேட்டேன். ஆறு பேருக்கு ஒரு கைப்பிடி என்றார். அவருக்கு ரத்தசோகை, பிள்ளைகளும் மெலிந்திருந்தார்கள். அன்றிலிருந்துதான் மளிகைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க ஆரம்பித்தேன்.

உங்கள் சீட்டில் சாப்பாட்டு அரிசி 30 கிலோ, இட்லி அரிசி 10 கிலோ, கோதுமை மாவும் ரவையும் 6 கிலோ. துவரம்பருப்பு 3 கிலோ, உளுந்து 2 கிலோ, பாசிப்பருப்பும் கடலைப்பருப்பும் அரை அரை கிலோ. பயறு ஒன்றுகூட இல்லை. ஐந்து பேருக்கு, முப்பது நாளுக்கு வகுத்தால் ஆளுக்குத் தினம் தானியம் 300 கிராமுக்குச் சற்று மேல், பருப்பு வெறும் 40 கிராம். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி உணவுக்குத் தானியம் 250 கிராம்; பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம். எல்லாம் சமைக்காத எடை. காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மி.லி. என்று மற்றவையும் உண்டு. நிலக்கடலை அவரைக் குடும்பம்தான் என்றாலும், கொழுப்பு அதிகம் என்பதால் அதைக் கொட்டைகள், வித்துகளோடு 35 கிராம் கணக்கில் சேருங்கள்.

ஆளுக்கு ஆள் தேவை மாறும். ஆனாலும் உங்கள் வீட்டில் பருப்பு பாதிகூட இல்லை. வாரத்துக்கு ஒரு முட்டை இதை ஈடுகட்டாது. வளரும் பெண் இருக்கும் வீடு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் லைசின் என்பது அரிசியில் குறைவு, அது பருப்பில் தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்னும் இன்னொரு கூறை அரிசி தருகிறது. இரண்டும் தட்டில் சேர வேண்டும், சாம்பார்த் தண்ணீராக அல்ல.

சாம்பாருக்குத் தினம் 100 கிராம் போடுகிறீர்கள் அல்லவா? 150 ஆக்குங்கள். வாரம் நான்கு மாலை, 150 கிராம் கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ ஊறவைத்துச் சுண்டல் செய்யுங்கள். வாரம் இரண்டு இரவு தோசைக்குப் பதில் அடை. ஒவ்வொரு முறையும் 200 கிராம் பருப்பு விழட்டும். மாதம் 6 கிலோவாக இருக்கும் பருப்பும் பயறும் பதினொன்றரைக் கிலோவுக்கு வந்துவிடும். அரிசியைக் குறைத்தால் செலவில் ஒரு பகுதி அதிலேயே சரியாகும். சுண்டலில் எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச்சத்து உடலில் சேர உதவும். காபி, டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்.

வயிறு உப்பும் என்று பயம் வேண்டாம். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். முதல் வாரம் ஆளுக்கு இரண்டு கரண்டி போதும். ராஜ்மா வாங்கினால் மட்டும் கூடுதல் கவனம் தேவை. அது அரைவேக்காட்டில் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஊறவைத்து, குக்கரில் மசிய வேகவிடுங்கள். வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவருடைய பருப்பு அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மகளிடம் சொல்லுங்கள்: சார்ட்டில் காய்ப் பகுதியில் ஓர் அவரைக்காய், பருப்புப் பகுதியில் நான்கு காய்ந்த மொச்சை. படம் வேண்டாம், நிஜத்தையே ஒட்டட்டும். அடுத்த மாத மளிகைச் சீட்டையும் மறக்காமல் எனக்கு அனுப்புங்கள்.